மஞ்சள் ஏறிய கோடிச் சேலை

திங்கட்கிழமை மத்தியானம் கூலிம் டவுனிலிருந்து திரும்பிய சிரில் கிராணி, நேராகத் தோட்டத்துச் சனங்கள் குடியிருந்த லயத்துக் குழாயடிக்கு வந்தார். அவருடைய சைக்கிள் சக்கரங்களில் டயர் இல்லை. தோட்டத்து ரப்பர் குழாயை வெட்டிக் கம்பியால் சுற்றியிருந்தார். வெள்ளைக்காரத் துரை இருந்த நாளில் அவர் ஆபீசில் பேர் எழுதிய குமாஸ்தா. துரை ஓடிப்போய் ஒன்றரை வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஜப்பான்காரர் ஆட்சியில் பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டங்களில் பாதி ரப்பர் மரங்கள் பாலுக்குச் சீவாமல் கிடந்தன. சனங்கள் லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டு, அதைத் தின்று உயிர் பிழைத்தார்கள். கிராணிக்கும் அதே மரவள்ளிதான்.

“டவுன்ல ஒரு பள்ளிக்கூடத்த ஆஸ்பத்திரி ஆக்கியிருக்காங்க இல்ல, அங்க வார்டு வேலைக்கு ரெண்டு பொம்பளைங்க வேணுமாம்,” என்றார். “புதன்கெழம காலையில எட்டு மணிக்கு நேர்ல பார்த்து எடுக்கறாங்க. வாரத்துக்கு மூணு காட்டி அரிசி.”

மூணு காட்டி என்றால் நாலு ராத்தல். அரிசி என்ற சொல்லைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

பிரேமாவதி குடத்தை இறக்கி வைத்தாள். அவளுக்கு நாலு வயதில் ரமணி என்று ஒரு பெண் இருந்தாள். மரவள்ளியையே தின்று தின்று குழந்தையின் கால் இரண்டும் வீங்கிவிட்டன. போன மாதம் வரை லயம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் புருஷன் சின்னையாவைச் சித்திரையில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆவணி பிறந்துவிட்டது. ஒரு கடிதமும் இல்லை.

“என்னைய எடுப்பாங்களா, கிராணியய்யா?”

“போய்ப் பாரேன். ஆனா ரெண்டு சங்கதி இருக்கு.” கிராணி குரலைத் தாழ்த்தினார். “அந்த ஜப்பான் டாக்டருக்கு அழுக்கு ஆகாதாம். துணி, கை, நகம் எல்லாம் பார்ப்பாராம். சாக்கு கட்டிக்கிட்டு வந்தாலோ, ரப்பர் ஷீட்டு கட்டிக்கிட்டு வந்தாலோ கேட்டுலயே திரும்ப வேண்டியதுதான். இன்னொண்ணு, புருஷன் செத்தவங்களுக்கு மொத எடமாம்.”

இரண்டாவது சங்கதியைச் சொல்லும்போது அவர் பிரேமாவதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடையில் துணி என்று ஒன்று இல்லாத காலம் அது. பிரேமாவதியிடம் இருந்தது ஒரே சேலை. அதில் சேலை பாதி, ஒட்டு பாதி. ஒட்டுகளில் இரண்டு அரிசிச் சாக்கு. ரப்பர் பால் பட்ட கறை மேலெல்லாம் கறுத்துப் போயிருந்தது. பால்கறையை எந்தச் சவர்க்காரத்தாலும் எடுக்க முடியாது. எடுக்கச் சவர்க்காரமும் இல்லை. சாம்பல் தண்ணீரில்தான் எல்லாரும் துவைத்தார்கள்.

பக்கத்து வீட்டுக் காளியம்மா அன்று சாயங்காலமே வழி கண்டுபிடித்துவிட்டாள். காளியம்மாவுக்கு எதற்கும் வழி உண்டு. அது நல்ல வழியா என்று யோசிக்கத்தான் அவளுக்கு நேரம் இருக்காது.

“பிச்சையம்மா அக்கா பெட்டியில ஒரு வெள்ளச் சேல இருக்கு. புதுசு. மடிப்புக்கூட கலையல. அதக் கேட்டு வாங்கிக் கட்டிக்க. பொட்ட அழிச்சிட்டு, தாலிய ரவிக்கைக்குள்ள போட்டுக்க. துணியும் ஆச்சு, மொத எடமும் ஆச்சு. ரெண்டு கொசுவ ஒரே அடியில அடிச்ச மாதிரி.”

“அவரு செத்துட்டாருன்னு நான் சொல்றதா?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்லா. சேல சொல்லும்.”

காளியம்மா கெட்டவளல்ல. தன் வீட்டு மரவள்ளியில் பாதியை ரமணிக்குக் கொடுத்தவள். பசித்த குழந்தையைப் பார்த்தவர்களுக்கு எந்த வழியும் வழியாகத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பிரேமாவதி மாரியம்மன் கோயில் வாசலில் சற்று நேரம் நின்றாள். விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் கோயில் இருண்டிருந்தது. அம்மனிடம் அவள் வேலை கேட்கவில்லை. பொய் சொல்லாமல் வேலை கிடைக்க வேண்டும் என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பிச்சையம்மாளின் வீட்டுக்குப் போனாள்.

பிச்சையம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் பாம்பு கடித்து இறந்து ஏழு வருஷம் ஆகிறது. அவள் அண்ணன் பதினாறாம் நாள் போட்ட கோடிச் சேலைதான் அந்த வெள்ளைச் சேலை. காளியம்மா முந்திக்கொண்டு எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தாள். சேலை ஏற்கெனவே பாய்மேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

“எடுத்துக்க. நான் செத்தா மேல போத்தறதுக்குன்னு வச்சிருந்தேன். இப்பல்லாம் பாய சுத்திப் பொதைக்கிறானுங்க, பார்த்தியா, அப்படிப் போகக் கூடாதுன்னு ஒரு ஆச. பரவால்ல. செத்தவளுக்கு என்ன வெக்கம்?”

பிரேமாவதி சேலையைத் தொட்டாள். நல்ல கனத்த நூல். ஒரு கிழிசல் இல்லை.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. வெள்ளையா கட்டிக்கிட்டுப் போக எனக்கு மனசு வரல.”

“ஏன், வெள்ள என்ன ஒட்டுவாரொட்டியா?”

“அப்படியில்லக்கா. அவரு இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் கட்டிக்கிட்டுப் போகக் கூடாது.”

பிச்சையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வரும் என்று பிரேமாவதி எதிர்பார்த்தாள். ஏழு வருஷமாக அந்த நிறத்தைக் கட்டுகிறவள் அவள். அதை வேண்டாம் என்றால் அவளையே வேண்டாம் என்றது போலத்தானே.

“அப்ப சாயம் போட்டுக்க,” என்றாள் பிச்சையம்மாள். “நம்ம தோட்டத்துல அரிசி இல்ல, ஆனா மஞ்ச இருக்கு.”

“சாயம் போட்டா அப்புறம் உங்களுக்கு ஆகாதேக்கா.”

“எனக்கு இப்ப ஒண்ணும் ஆகல. நான் சாவுற வரைக்கும் சப்பான்காரன் இருந்துடுவானா என்ன? கடையில துணி வரும். போ, கெழங்கத் தோண்டு.”

லயத்துக்குப் பின்னால் எல்லார் வீட்டிலும் நாலு மஞ்சள் செடி இருந்தது. ஆளுக்கு ஒரு கிழங்கு கொடுத்தார்கள். அம்மியில் அரைத்து, கோயில் பொங்கலுக்கு வைத்திருந்த பெரிய சட்டியில் கொதிக்க வைத்துச் சேலையை முக்கினார்கள். கலக்கியது பிரேமாவதிதான். கோலால் கிளறியும் போதாமல் கையாலேயே பிசைந்தாள். பத்து மணிக்குச் சேலை கொடியில் ஏறியபோது சாமந்திப்பூ போல இருந்தது. சாக்கும் ரப்பர் ஷீட்டும் கட்டியிருந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு வருஷமாக அந்த லயத்தில் யாரும் நிறம் கட்டியதில்லை.

பிரேமாவதி ரமணிக்கு முகம் கழுவிவிட உள்ளே போனாள். திரும்பி வந்தபோது காளியம்மா குழாயடியில் குந்தியிருந்தாள். அவள் கையில் அந்தச் சேலை. சேலையில் பெரிய பெரிய சிவப்புத் திட்டுக்கள்.

“மஞ்ச வாடை வீசுது, டாக்டரு மூக்க மூடிக்குவாருன்னு சாம்பத் தண்ணியில ஒரு அலசு அலசினேன் பிரேமா. அலசத்தான் செஞ்சேன். வேற ஒண்ணும் செய்யல.”

ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும் என்பது அங்கே இருந்த எல்லாப் பெண்களுக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். சாம்பல் தண்ணீரும் அதையே செய்யும் என்பது அந்த நிமிஷம் வரை யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற என்ன இருக்கிறது? துணி என்றால் சாம்பல் தண்ணீரில் அலசுவது. கை தானாகச் செய்துவிட்டது.

“ஆடு வெட்டின எடத்துல பொரட்டி எடுத்த மாதிரி இருக்கு,” என்றாள் பிச்சையம்மாள்.

காளியம்மா அழத் தொடங்கினாள். யாரோ ஒருத்தி, முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிவிடலாம், ஒரே சிவப்பாகிவிடும் என்றாள். “கல்யாணப் பொண்ணுக்கா வேல கேக்கறோம்,” என்றாள் இன்னொருத்தி. சிலர் சிரித்தார்கள். காளியம்மாவின் அழுகை இன்னும் பலத்தது.

பிரேமாவதி திட்டுக்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். துரை காலத்தில் ஆறு வருஷம் அவள் ரப்பர் பால் ஸ்டோரில் வேலை செய்தவள். வரும் பாலைக் கட்டியாக்க ஆசிட் கலப்பது அவள் வேலை. மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வரும் நாட்களில், சவர்க்காரம் பட்டுச் சிவந்த கை ஆசிட் தண்ணீரில் நனைந்ததும் பழையபடி மஞ்சளாகிவிடும். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி யோசித்ததுதான் இல்லை.

“அழாத காளியம்மா. கிராணி வீட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன்.”

மூடிக் கிடந்த ஸ்டோரின் சாவி சிரில் கிராணியிடம் இருந்தது. ஸ்டோரிலிருந்து எதை எடுத்தாலும் ஜப்பான்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் கொஞ்ச நேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“சாடி அடியில கொஞ்சம் கெடக்கு. யாரு கேக்கப் போறா,” என்றார் கடைசியில். “கேட்டா ஆவியாப் போச்சுன்னு சொல்லிக்கறேன். அது பொய்தான். ஞாயித்துக்கெழம சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடறேன்.”

ஒரு சிறிய மருந்துப் புட்டியில் பாதி அளவு ஆசிட் கிடைத்தது. பிரேமாவதி அதைக் கண்ணளவில் ஊற்றவில்லை. ஒரு சிகரெட் டின்னை எடுத்து, தண்ணீரை எண்ணி எண்ணிச் சட்டியில் ஊற்றினாள். கூடினால் துணி நைந்துவிடும், குறைந்தால் நிறம் திரும்பாது. முதலில் முந்தானை ஓரத்தை ஒரு விரல் நீளம் நனைத்தாள். சிவப்பு மெல்ல வெளுத்து, மஞ்சள் எழுந்து வந்தது. சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டது கேட்டது. பிறகுதான் முழுச் சேலையையும் இறக்கினாள். அதன்பின் இரண்டு தரம் நல்ல தண்ணீரில் அலசினார்கள். காளியம்மாவைப் பக்கத்தில் விடவில்லை.

சாயங்காலம் காளியம்மா தன் கல்யாண ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பிரேமாவதி நுழையலாம். முதுகில் மடித்து நாலு தையல் போட்டார்கள்.

புதன்கிழமை, ரமணியைப் பிச்சையம்மாளிடம் விட்டுவிட்டு பிரேமாவதி கிளம்பினாள். பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, நல்ல சேலையை வாழையிலையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். கூலிமுக்கு ஒன்பது மைல். பாலத்தடியில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு எல்லாரையும் போல இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டாள். டவுன் எல்லையில் ஒரு மலாய்க்காரப் பெண்ணின் வீட்டுக் கிணற்றடியில் கால் கழுவ அனுமதி கேட்டாள். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு, சேலை மாற்ற அறையைக் காட்டி, தலைவார ஒரு சீப்பும் கொடுத்தாள். பிரேமாவதி நெற்றியில் பொட்டு வைத்தாள். தாலியை எடுத்து ரவிக்கைக்கு மேலேயே விட்டுக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தபோது, வேலை கேட்கப் போகிறவள் மாதிரித்தான் இருந்தாள். அந்த நினைப்பு கால்களுக்குத் தெம்பு கொடுத்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினேழு பெண்கள் இருந்தார்கள். ஜன்னல் திரையைச் சேலையாகக் கட்டியிருந்தாள் ஒருத்தி. இன்னொருத்தியின் ரவிக்கை மாவு மூட்டைத் துணி. முதுகில் கம்பெனி எழுத்து அழியாமல் இருந்தது. சாக்கு கட்டியவர்களை உண்மையிலேயே கேட்டில் நிறுத்தியிருந்தார்கள்.

பிரேமாவதிக்கு முன்னால் நின்றவள் வேறு தோட்டத்துப் பெண். வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். அவள் நெற்றியில் நடுவே ஒரு வட்டம் மட்டும் வெளிறியிருந்தது. கழுத்தில் கயிறு கிடந்த தடம் புதிதாகத் தெரிந்தது. நேற்றோ இன்றோ அவிழ்த்திருக்க வேண்டும். பிரேமாவதி பார்ப்பதை உணர்ந்து அவள் சட்டென்று முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள்.

“எத்தன புள்ளைங்க?” என்று கேட்டாள் பிரேமாவதி.

“மூணு.”

“முந்தானையத் தோள்ல சுத்திப் போட்டுக்க. காத்துல வெலகுது.”

அந்தப் பெண் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். பிறகு அப்படியே செய்துகொண்டாள். அடுத்ததாக அவளைத்தான் கூப்பிட்டார்கள். சிறிது நேரத்தில் சீட்டோடு வெளியே வந்தாள். இரண்டு இடத்தில் ஒன்று போய்விட்டது. அந்தக் கழுத்துத் தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடம் திரும்பியிருக்கும். பிரேமாவதிக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை. வந்தது, அவள் அதற்கு உட்கார இடம் கொடுக்கவில்லை.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஜப்பான் டாக்டர். பக்கத்தில் நின்ற நர்ஸ் தமிழ்ப் பெண். அகத்தா மிஸ்ஸி என்று வராந்தாவில் சொன்னார்கள். கழுத்தில் சிறிய சிலுவை. டாக்டர் சொல்லும் உடைந்த இங்கிலீஷை அவள்தான் தமிழாக்கினாள்.

“பேரு?”

“பிரேமாவதி.”

“புருஷன்?”

“சயாமுக்கு ரயில் வேலைக்குப் போயிருக்காரு, மிஸ்ஸி.”

அகத்தாவின் பேனா நின்றது. “அஞ்சு மாசமா காயிதம் இல்லாதவங்கல்லாம் விதவைன்னுதான் எழுதிக்கறாங்க. நான் கேக்கறதில்ல. ஒனக்கு எப்படி எழுதணும்?”

“போயிருக்காருன்னே எழுதுங்க.”

“மொத எடம் கெடைக்காது.”

“தெரியும் மிஸ்ஸி. மத்தவங்கள நான் ஒண்ணும் சொல்லல. எனக்குச் செய்தி வரல, அதான்.”

அகத்தா எழுதினாள். டாக்டர் கையை நீட்டச் சொன்னார். பிரேமாவதி நீட்டினாள். நகமெல்லாம் ஒட்ட வெட்டி, மண்ணில்லாமல் சுத்தமாக இருந்தது. ஆனால் இரண்டு கையும் மணிக்கட்டு வரை மஞ்சள். டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். சுற்றி வந்து அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வேகமாக ஏதோ சொன்னார்.

“ஒனக்குக் காமாலைன்னு சொல்றாரு,” என்றாள் அகத்தா.

“காமாலை இல்ல மிஸ்ஸி, மஞ்ச. சேலைக்குச் சாயம் போட்டேன்.”

அகத்தா அதைச் சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டினார். நம்பவில்லை. கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

மூலையில் கை கழுவும் தொட்டி இருந்தது. அதன் விளிம்பில் உண்மையான சவர்க்காரம் ஒரு துண்டு. அதை அவள் பார்த்து ஒரு வருஷமாகிறது. “மிஸ்ஸி, அந்தச் சவக்காரத்த ஒரு தரம் தொட்டுக்கலாமா? வெரயமாக்க மாட்டேன்.” அகத்தா தலையசைத்தாள். பிரேமாவதி சவர்க்காரத்தை நனைத்து ஒரு கையில் மட்டும் தேய்த்து, டாக்டர் முன்னால் நீட்டினாள். மஞ்சள் கை குங்குமமாகச் சிவந்திருந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இத மாத்தறதுக்குக் கொஞ்சம் புளிப்புத் தண்ணி வேணும் மிஸ்ஸி.”

மருந்து அலமாரியிலிருந்து அகத்தா ஒரு புட்டியை எடுத்து நாலு சொட்டு விட்டாள். சிவப்பு மறைந்தது. டாக்டர் சிரித்துவிட்டார். இன்னொரு தரம் செய்யச் சொன்னார். மூன்றாவது தரமும் சொல்லியிருப்பார். அகத்தா சவர்க்காரத்தை எடுத்து வைத்துவிட்டாள்.

“எங்க கத்துக்கிட்டேன்னு கேக்கறாரு.”

“பால் ஸ்டோர்ல. ஆறு வருஷம் ஆசிட் கலந்தேன். ஒண்ணுக்கு நூறு தண்ணி. பாலு கெட்டியா இருந்தா ஒரு கணக்கு, மழ நாளு பாலுன்னா வேற கணக்கு. கண்ணளவுல ஊத்த மாட்டேன். அளந்துதான் ஊத்துவேன்.”

அகத்தா இதைச் சொல்லி முடிக்கும் முன்பே டாக்டரின் முகம் மாறியது. தரை கழுவும் மருந்தைக் கண்டபடி கலந்து, போன வாரம் ஒருத்தியின் கை வெந்துவிட்டதாம். கையிருப்பு மருந்தும் பாதி வீணாம். அகத்தா பிறகு சொல்லித்தான் பிரேமாவதிக்கு அது தெரிந்தது. டாக்டர் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“நாளைக்கு ஏழு மணிக்கு வா,” என்றாள் அகத்தா. “மருந்து கலக்கற வேல ஒனக்கு. தங்கறதுக்குப் பின்னால எடம் இருக்கு. வீட்டுல யாரு?”

“ஒரு பொண்ணு. நாலு வயசு. கால் வீக்கம், மிஸ்ஸி. நடக்க மாட்டேங்குது.”

அகத்தா உள்ளே போய், காகிதத்தில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள்.

“தவிடு. மாட்டுக்குப் போடறதுன்னு நெனைக்காத. அந்தக் காலுக்கு அரிசியவிட இதுதான் நல்லது. இன்னிக்கே கஞ்சி வச்சுக் குடு. நாளைக்குப் பொண்ணையும் தூக்கிட்டு வந்துடு. டாக்டர் பார்க்கட்டும்.” பிரேமாவதி கும்பிடக் கையை எடுத்ததும் தடுத்தாள். “என்னைய எதுக்குக் கும்பிடறே? வெயில் ஏறுது, கெளம்பு.”

ஒன்பது மைலும் பிரேமாவதி பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள். பயம் எங்கோ வழியில் இறங்கிக்கொண்டது. போகும்போது நீளமாக இருந்த பாதை, வரும்போது அவ்வளவு நீளமாக இல்லை.

லயத்தில் அவள் வாயைத் திறக்கும் முன்பே முகத்தைப் பார்த்து எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிச்சையம்மாள் அடுப்பை மூட்டினாள். தவிட்டைச் சலித்து, தண்ணீர் விட்டுக் கரைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். ரமணி முதல் வாய் வாங்கியதும் முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

“நல்லால்ல.”

“நல்லா இருக்கும்டி கண்ணு. பாரு, அம்மா குடிக்கறேன்.” பிரேமாவதி ஒரு வாய் குடித்துக் காட்டினாள். நல்லா இல்லைதான். அப்படியும் இன்னொரு வாய் குடித்தாள்.

ரமணி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டிக் கஞ்சி இருந்த தேங்காய்ச் சிரட்டையை வாங்கி, நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

“உப்பு பத்தலம்மா.”

உப்பும் அப்போது தங்கம் மாதிரி. காளியம்மா எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். வாழையிலைத் துண்டில் நாலு கல் உப்பை வைத்துப் பொத்திக்கொண்டு வந்து கஞ்சியில் போட்டுக் கலக்கினாள். குழந்தை சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்கத் தொடங்கியது.